பெருமாள் பேரில் ஒரு டேட்டாபேஸ்

போன வாரம் உங்களில் ஒருவர் என்னைக் கேட்டீர்கள், "தனம் அக்கா, இன்ஸ்டால் பண்றப்ப நடுவுல சிவப்பு எழுத்து வந்தா நீங்க முதல்ல இன்னா பண்ணுவீங்க?" என்று. காப்பி குடிப்பேன் என்றேன். எல்லாரும் சிரித்தீர்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உங்களுக்கு ஆங்கிலம் தெரியும். அதனால் சிவப்பு எழுத்தை ஒரே மூச்சில் படித்துவிட்டு அடுத்த மூச்சில் எதையாவது அழுத்திவிடுவீர்கள். நான் அஞ்சாங்கிளாஸ். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஒரு வரி முடிவதற்குள் காப்பி ஆறிவிடும், கூடவே எனக்கு வந்த படபடப்பும் ஆறிவிடும்.

எனக்குத் தெரிந்த ஆங்கிலச் சொல் நாற்பது இருந்தால் அதிகம். அத்தனையும் கம்ப்யூட்டர் மனுஷரைத் திட்டுகிற சொற்கள். "குட் மார்னிங்" என்று யாராவது சொன்னால் எனக்கு வாய் குழறும். "பர்மிஷன் டினைட்" என்றால் போதும், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

இந்த ஆபீசுக்கு நான் வந்த வழி உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அதற்கு முன்னால் ஜக்கார்டு அட்டை குத்தினேன். புடவை பார்டரில் வருகிற அன்னமும் யானையும் தறிக்குப் போகும் முன் அட்டையில் ஓட்டை ஓட்டையாக ஏற வேண்டும், அந்த ஓட்டைகளைப் போடுகிற வேலை. ஓர் ஓட்டை தப்பினால் யானைக்குத் தும்பிக்கை இருக்காது. என் கையால் ஒரு மயிலுக்கு மூன்று கால் வந்தது. அந்தப் புடவையை ஒரு கல்யாணப் பெண் ஆசையாக எடுத்துக்கொண்டு போனாளாம். அவளுக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். பிறகு டிசைன் போடுவது கம்ப்யூட்டருக்கு மாறியது. என் முதலாளி அட்டையோடு என்னையும் சேர்த்து உள்ளே கொண்டுவந்து ஸ்கேனர் முன்னால் உட்கார வைத்தார். அப்புறம் ஆபீசே பட்டுக் கடைகளுக்கும் நெசவாளர் சங்கங்களுக்கும் வலைத்தளம் போட்டுத் தருகிற இடமாகிவிட்டது.

நான் மட்டும் ஸ்கேனர் அக்காவாகவே இருந்தேன். வாடிக்கையாளர் இடத்துக்குத் தனியாகப் போய் தளத்தை நிறுவித் தருவது பட்டம் படித்தவர்களுடைய வேலை. பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து எனக்கு எல்லாம் மனப்பாடம். திரையில் எந்தப் படத்துக்குப் பிறகு எந்தப் படம் வரும், எங்கே "நெக்ஸ்ட்", எங்கே பேர் போடணும், எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஒரு வருஷம் கேட்டுக் கேட்டு முதலாளியின் உயிரை எடுத்தேன். கடைசியில் அவர் ஒத்துக்கொண்டார்.

"சின்ன காஞ்சிபுரத்துச் சங்கம் ஒண்ணு இருக்குது. அங்க நீ தனியாப் போ. தொறப்பு விழாவுல அதிகாரி வந்து பட்டனை அழுத்தறப்ப தளம் தொறந்துதுன்னா, அடுத்த வாரத்துலேர்ந்து இன்ஸ்டால் சீட்டு உனுது. தொறக்கலன்னா ஸ்கேனர்தான். அப்புறம் என்னிய நச்சரிக்கக் கூடாது."

"நச்சரிக்க மாட்டேன் சார்" என்றேன். மூன்று கால் மயில் மாதிரி ஆடிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதை ஆரம்பித்தாலும் முதல் பேர் பெருமாள் பேர். உறுப்பினர் பதிவேட்டில் ஒன்றாம் நம்பர் பெருமாள். புது பீரோ வாங்கினால் முதல் சாவி பெருமாள் படத்துக்கு முன்னால் ஒரு நாள் இருக்கும். கம்ப்யூட்டர் வந்ததும் தலைவர், "மெஷின்லயும் முதல் பேரு அவரு பேருதான்" என்று சொல்லிவிட்டார். சரி என்று டேட்டாபேஸின் உரிமையாளராக perumal என்று ஒரு பேரை உண்டாக்கிக் கொடுத்தோம். பாஸ்வேர்டை மட்டும் தலைவரே போட்டார், விசைப்பலகை மேல் துண்டை விரித்து, துண்டுக்கு அடியில் கையை விட்டு.

அன்று நான் ஒரு பெருமை அடித்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "இனிமே உங்க பாஸ்வேர்டு இல்லாம இதுல யாரும் ஒண்ணும் பண்ண முடியாதுணா. எங்களாலயே முடியாது" என்றேன். யாரும் சொல்லித் தந்து சொன்னதில்லை. நன்றாக இருந்தது, சொன்னேன். தலைவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அதற்குப் பிறகு மூன்று வாரம் தினமும் காலையில் அவர் குளித்து, திருமண் இட்டுக்கொண்டு சங்கத்துக்கு வருவார். பாஸ்வேர்டைப் போடுவார். அதற்கு மேல்தான் சங்கத்துக் குமாஸ்தா மோகனா புடவை டிசைன்களை ஒவ்வொன்றாக உள்ளே ஏற்றுவாள். அவர் குளிக்கத் தாமதமானால் அன்றைக்கு வேலையும் தாமதம்.

திறப்பு விழாவை வைகாசி கருட சேவை அன்று காலையில் வைத்தார்கள். கைத்தறித் துறை அதிகாரி சேவிக்க வருகிறார், அப்படியே சங்கத்துக்கும் வந்து பட்டனை அழுத்திவிடலாம் என்று ஏற்பாடு. பத்தரை மணிக்குள் முகூர்த்தம். நான் எட்டரைக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். வாசலில் வாழை மரம், உள்ளே கேசரி. மோகனா புதுப் புடவையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

தளத்து மென்பொருளுக்கு டேட்டாபேஸில் நுழைய ஒரு பேரும் பாஸ்வேர்டும் வேண்டும். அது ஒரு கோப்பில் அப்படியே, பச்சையாக, எழுதி இருக்கும். பெருமாள் பாஸ்வேர்டை அப்படி எழுதி வைக்கத் தலைவர் விடமாட்டார் என்று தெரிந்து, sangam என்று இரண்டாவது பேர் ஒன்றை உண்டாக்கி வைத்திருந்தோம். அந்தப் பேரைக் கொடுத்தேன். நெக்ஸ்ட். நெக்ஸ்ட். கோடு பச்சையாக ஓடிற்று. பாதியில் நின்றது. சிவப்பு.

மோகனா ஓடிவந்தாள். "இன்னாக்கா இது?"

"இரு. படிச்சிக்கினு இருக்கேன்."

"நான் படிக்கட்டா?"

"நீ கேசரியக் கிண்டு."

எழுத்துக் கூட்டினேன். எம், யூ, எஸ், டி. மஸ்ட். பி. ஓனர். ஓனராக இருக்கணும். எதுக்கு ஓனர்? மோகனா மூன்று வாரமாக ஏற்றி வைத்திருந்த டிசைன் பட்டியலுக்கு. மென்பொருள் அந்தப் பட்டியலில் விலை, இருப்பு என்று தனக்கு வேண்டிய இரண்டு பத்தியைச் சேர்க்கப் பார்த்திருக்கிறது. பத்தி சேர்க்கிற உரிமை ஓனருக்கு மட்டும்தான். பட்டியல்கள் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துப் பார்த்தேன். ஓனர் என்ற இடத்தில் மேலிருந்து கீழ்வரைக்கும் perumal, perumal, perumal. ஆயிரம் நாமம் சொல்கிற மாதிரி, ஆனால் ஒரே நாமம்.

மணி ஒன்பது. தலைவர் வந்து பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்தால் தீர்ந்தது என்று நினைத்து, "தலைவர் எங்க?" என்றேன்.

மோகனா என்னை விநோதமாகப் பார்த்தாள். "இன்னிக்கு அவரு எங்க இருப்பாரு? வாகனத்துக்குக் கீழ இருப்பாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தலைவர் குடும்பம் வழிவழியாகப் பெருமாளைத் தோளில் சுமக்கிற குடும்பம். விடியலில் கருட வாகனத்துக்குத் தோள் கொடுத்தால் ஊரைச் சுற்றித் திரும்பி வருகிறவரைக்கும் அந்தக் கம்பை விட்டு வரமாட்டார். பெருமாள் பாஸ்வேர்டு பெருமாளுக்குக் கீழேயே ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது. விழா தேதி குறித்த அன்று எங்களில் ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லை. வேறு ஊரில் இந்தத் தப்பு நடக்குமா, சொல்லுங்கள்.

முதலாளிக்கு போன் போட்டேன். அவர் பெரிய காஞ்சிபுரத்தில் கூட்ட நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தார். "சென்னையில நமக்குத் தெரிஞ்ச இன்ஜினியர் ஒருத்தர் இருக்காரு, பேசு" என்று நம்பர் கொடுத்தார். பேசினேன். அவருக்கு விஷயம் சட்டென்று பிடிபட்டுவிட்டது.

"சிம்பிள் மேடம். டேபிள் எல்லாம் பெருமாள் பேர்ல இருக்கு. அந்தப் பெருமாள் சார்கிட்ட போனைக் குடுங்க."

"அவரு கருடன் மேல வந்துக்கினு இருக்காரு சார்."

பக்கத்தில் மோகனா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு குலுங்கினாள். நான் விளக்கிச் சொன்னதும் இன்ஜினியரும் சிரித்தார். "அப்போ பாஸ்வேர்டே வேணாம் மேடம். மெஷின் உங்க கையிலதானே இருக்கு? சூப்பர் யூசரா உள்ள போங்க. ஓனரை sangam னு மாத்துற கமாண்டு சொல்றேன். ஒரு நிமிஷம்."

"பாஸ்வேர்டு இல்லாமயா?"

"சூப்பர் யூசருக்கு யாரோட பாஸ்வேர்டும் தேவையில்லை."

சந்தோஷப்பட வேண்டிய நேரம் அது. ஒரு நிமிஷ வேலை, ஒரு மணி நேரத்துக்கு மேல் கையில் இருக்கிறது, சீட்டு என்னுடையது. ஆனால் "எங்களாலயே முடியாது" என்று மூன்று வாரத்துக்கு முன் நான் அடித்த பெருமை காதில் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த மனுஷர் அதை நம்பித்தானே தினமும் குளித்துவிட்டு வந்து துண்டுக்குள் கையை விட்டார்.

"சார், லைன்ல இருங்க. இல்ல, வச்சிடுங்க. நான் வந்து பேசறேன்" என்றேன்.

மோகனா வழியை மறித்தாள். "எங்கக்கா போறே?"

"தலைவரக் கேட்டுட்டு வரேன்."

"பைத்தியமா உனுக்கு? மாத்திட்டுப் போயேன், யாருக்குத் தெரியப் போவுது? நான் சொல்ல மாட்டேன்."

"எனக்குத் தெரியுமில்ல?"

"தெரிஞ்சா? பெருமாளே மன்னிச்சிடுவாரு!"

"பெருமாள் மன்னிப்பாருமா. தலைவரு மன்னிக்க மாட்டாரு" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

கருட சேவைக் கூட்டத்தில் நடந்தவர்களுக்குத் தெரியும். அங்கே நாம் நடப்பதில்லை, கூட்டம் நம்மை நடத்தும். எனக்கு அப்போது ஐம்பதை நெருங்குகிற வயசு, உடம்பும் இப்போது இருப்பதில் பாதிதான். நீர்மோர்ப் பந்தல் ஒன்றில் இடித்துக்கொண்டு தலையில் மோர் கொட்டியது. ஒரு பஜனை கோஷ்டிக்குள் மாட்டிக்கொண்டு, வெளியே வர வழியில்லாமல் அவர்களோடு அரைத் தெரு நானும் பாடிக்கொண்டே போனேன். குடை தெரிந்தது. குடைக்குக் கீழே கருடன். கருடனுக்குக் கீழே வியர்வையில் மினுமினுக்கிற தோள்கள். முன்கம்பில் இடது பக்கம், தலைவர்.

ஓட்டமாய் வருகிறார்கள். பக்கத்தில் நானும் ஓடினேன்.

"அண்ணா! தலைவரண்ணா!"

அவர் கண்ணைத் திருப்பினார். "இன்னாம்மா? இங்க இன்னா பண்றே? மெஷின் எரிஞ்சு போச்சா?"

"எரியலணா! தொறக்க மாட்டேங்குது! பெருமாள் பேர்ல இருக்குது, அதனால!"

பக்கத்தில் தோள் கொடுத்திருந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டே, "அவரே மேலதான் இருக்காரு, நேராக் கேட்டுடேன்!" என்றார். நாலைந்து தோள்கள் சிரிப்பில் குலுங்கின. கருடனே லேசாக ஆடினார்.

மண்டகப்படி ஒன்று வந்தது. வாகனத்தைக் கட்டைகள்மேல் தாங்கி நிறுத்தினார்கள். கற்பூரம் காட்டி முடிகிறவரைக்கும் எனக்கு நேரம்.

"அண்ணா, மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். உங்க பாஸ்வேர்டு இல்லாம எங்களால ஒண்ணும் பண்ண முடியாதுன்னு அன்னிக்குச் சொன்னேன் பாருங்க, அது தப்பு. முடியும். எனக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். சிரிப்பு போய்விட்டது. "முடியும்னா?"

"உங்களுக்குத் தெரியாமயே பெருமாள் பேரை எடுத்துட்டு சங்கம் பேரைப் போட்டுடலாம். ஒரு நிமிசம்."

"போட்டுட்டியா?"

"கேக்காம எப்படிணா போடுவேன்?"

அவர் என் தலையில் இருந்த மோரைப் பார்த்தார். காலைப் பார்த்தார். அப்போதுதான் நானும் பார்த்தேன், ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

"பேரை எடுக்கக் கூடாதுமா" என்றார். "எடுக்காம ஆவாதா?"

"தெரியலணா. உள்ள வேலை செய்யறதுக்கு ஓனரா இருக்கணும்னு கேக்குது."

"ஓனரை எறக்கிட்டு யாரை ஏத்துவே? அதெல்லாம் வேணாம். நாங்க இல்லியா, கீழ நின்னு வேலை செய்யறோமே, அந்த மாதிரி எத்தினி பேரை வேணும்னாலும் சேத்துக்கோ. யாரு வேணாங்கறா?"

தவில் முழங்கிற்று. தோள்கள் குனிந்தன. "கோவிந்தா!" என்று கருடன் எழும்பி ஓடினார். நான் மற்றச் செருப்பையும் அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பி ஓடினேன்.

சங்கத்துப் படி ஏறும்போது மணி பத்து ஆகப் பத்து நிமிஷம். மோகனா போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இன்ஜினியரைப் பிடித்தேன்.

"சார், ஓனரை மாத்த வேணாம். ஓனர் பெருமாளாவே இருக்கட்டும். அவருக்குக் கீழ sangam ஐச் சேக்க முடியுமா? அவருக்கு இருக்கிற உரிமையில இவரும் வேலை செய்யற மாதிரி?"

அந்தப் பக்கம் அவர் எதையோ தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. அப்புறம், "முடியுமே!" என்றார். குரலில் ஒரு குஷி. "புது வெர்ஷன்ல அது உண்டு. ஒரு பேரை இன்னொரு பேருக்கு மெம்பராப் போடலாம். இவ்வளவு நாளா நான் அதைத் தொட்டதே இல்ல. எழுதிக்கோங்க."

சூப்பர் யூசராக உள்ளே போய், அவர் சொல்லச் சொல்ல ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். கிராண்ட். சங்கம். டு. பெருமாள். என்டர் மேல் விரலை வைத்தேன். கூட்டிப் படித்துப் பார்க்காமல் அழுத்துகிற பழக்கம் எனக்கு இல்லை. படித்தேன்.

"சார், இதுல யாரு யாருக்குக் கீழ வராங்க?"

"ம்... பெருமாள், சங்கத்துக்கு... ஐயோ. இல்ல, இல்ல. திருப்பிப் போடுங்க! பெருமாளைச் சங்கத்துக்கு மெம்பராப் போடப் பாத்தேன்!"

"அவரு ஏற்கெனவே சங்கத்துல ஒண்ணாம் நம்பர் மெம்பருதான் சார்" என்றாள் மோகனா, போனுக்குள்ளேயே தலையை விட்டு.

அழித்துவிட்டுத் திருப்பி எழுதினேன். கிராண்ட் பெருமாள் டு சங்கம். இரண்டு தரம் படித்தேன். மோகனாவை ஒரு தரம் படிக்கச் சொன்னேன். என்டர். திட்டவில்லை. நிறுவுகிற படத்துக்குத் திரும்பிப் போய், நின்ற இடத்திலிருந்து ஓடவிட்டேன். பச்சைக் கோடு பாதியைத் தொட்டது. பாதியைத் தாண்டிற்று. மோகனா என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் புதுப் புடவையெல்லாம் மோர்.

அதிகாரி பத்தேகாலுக்கு வந்தார், கூடவே என் முதலாளி, சட்டை பொத்தான் ஒன்று கூட்டத்தில் போயிருந்தது. அதிகாரி பட்டனை அழுத்தினார். திரையில் முதல் புடவை விரிந்தது, மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர். எல்லாரும் கை தட்டினார்கள். அதிகாரி என் வெறுங்காலைப் பார்த்துவிட்டு, "கோயில் மாதிரி செருப்பை வெளிய விட்டுட்டு வேலை பாக்கறீங்க, நல்ல பழக்கம்" என்றார். நானும் ஆமாம் சார் என்று சொல்லிவைத்தேன்.

அதிகாரி கிளம்பியதும் முதலாளி என் பக்கம் திரும்பினார். இன்ஜினியர் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். "ஒரு நிமிச வேலைக்கு ஊர்வலம் பூரா ஓடினியாமே? அதிகாரி முன்னாடியே வந்திருந்தா இன்னா பண்ணியிருப்பே?"

"ஸ்கேனருக்குப் போயிருப்பேன் சார்."

அவர் சீட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை, நச்சரிக்க மாட்டேன் என்று சொன்னவள் நான்தானே.

பெருமாள் கோயிலுக்குள் எழுந்தருளிய பிறகு தலைவர் நேராகச் சங்கத்துக்கு வந்தார். தோள் சிவந்து வீங்கியிருந்தது. ஓனர் பட்டியலைக் காட்டச் சொன்னார். காட்டினேன். perumal, perumal என்று மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் பார்த்தார். அவருக்கும் ஆங்கிலம் என் அளவுதான். அப்புறம் கேசரித் தட்டை வாங்கிக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்தார்.

"ஏம்மா, எனுக்குத் தெரியாமயே மாத்த முடியுமின்னியே, அது நெஜமா?"

"நெஜம்ணா."

"அப்புறம் எதுக்கு அந்தக் கூட்டத்துல விழுந்து எழுந்து ஓடியாந்தே?"

"முடியுங்கறதாலதாண்ணா."

அவர் கேசரியை மென்று முடித்தார். பிறகு முதலாளியைப் பார்த்து, "சார், இனிமே இந்த மெஷினைத் தொடறதுன்னா இந்தம்மாதான் தொடணும். வேற யாரையும் அனுப்பாதீங்க" என்றார். என் பக்கம் திரும்பி, "அந்தச் சங்கம் பேரைச் சேத்தியே, அந்த எடத்துல உன் பேரையும் சேத்துடு" என்றார்.

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் பொத்தான் இல்லாத சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "சேத்துக்கோ, சேத்துக்கோ" என்றார். "திங்கக்கிழமை ஸ்கேனருக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். தனம். டி, எச், ஏ, என், ஏ, எம். ஒரு விரலால், எழுத்துக் கூட்டி, நானே தட்டினேன். என்டரை அழுத்தும் முன் மூன்று தரம் படித்தேன்.